அளவாகச் சாப்பிடுவது வேறு, அரைப்பட்டினி வேறு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துல, சேமிப்புப் பணம் எண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஒரு அக்கா தலைசுத்தி உட்கார்ந்துட்டாங்க. தண்ணி குடுத்து விசாரிச்சா, ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டாங்களாம். "சாப்பாட்டைக் குறைச்சா ஆயுசு கூடும்னு டிவியில சொன்னாங்க. மிச்சம் பிள்ளைகளுக்கும் ஆச்சு"ன்னாங்க.

டிவி சொன்னது முழுப் பொய் இல்லை. 1935-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்ற விஞ்ஞானி எலிகளுக்குத் தீனியைக் குறைத்தார். ஆனால் வைட்டமினையும் தாது உப்பையும் குறைக்கவில்லை. அப்படி வளர்ந்த எலிகளில் பல கூடுதல் காலம் உயிரோடு இருந்தன.

பிறகு குரங்குகளிடம் இரண்டு இடங்களில் சோதித்தார்கள். பலன் உண்டு என்று 2009-ல் ஒரு குழு சொன்னது. ஆயுள் கூடவில்லை என்று 2012-ல் இன்னொரு குழு சொன்னது.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். அமெரிக்காவில் 218 பேர், இரண்டு வருஷம். அதன் முடிவு 2015-ல் வந்தது. நூற்றுக்கு 25 பங்கு உணவைக் குறைக்கத் திட்டம். அவர்களால் முடிந்தது சுமார் 12 பங்குதான். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. ஆனால் எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது. மனிதருக்கு ஆயுள் கூடும் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

இதில் முக்கியமானது என்ன தெரியுமா? ஒல்லியானவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. சேர்ந்தவர்களுக்கும் வைட்டமின், சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி உடம்பைப் பரிசோதித்தார்கள்.

நம்ம நிலைமை என்ன? எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியா சட்டியில இருக்கறதை வழிச்சுச் சாப்பிடுறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை.

குழுக் கணக்கு நமக்குத் தெரியும். வீண் செலவைக் குறைச்சா சேமிப்பு கூடும். முதலையே எடுத்துச் செலவழிச்சா குழுவே கலைஞ்சு போகும். உடம்பும் அப்படித்தான். குறைக்கணும்னா சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், மூணு வேளையும் குவிக்கிற வெள்ளைச் சோறு, இதைக் குறைப்போம். கீரை, பருப்பு, முட்டை, கேழ்வரகு, நிலக்கடலையைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்காம ஒரு வேளையும் விடக்கூடாது.

அந்த அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். ரத்தம் ரொம்பக் குறைவு. இப்ப இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாங்க, ராத்திரி சாப்பாடும் சாப்பிடுறாங்க.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இரண்டு தீர்மானம் எழுதுங்க. ஒண்ணு, எல்லா உறுப்பினரும் ரத்தப் பரிசோதனை செய்யணும். இன்னொண்ணு, தினம் ஒரு வேளையாவது வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். நம்ம பங்கைக் குறைச்சு யாருக்கும் ஆயுசு கூடாது, சகோதரிகளே.