பெயரும் ஊரும் எழுதிய கல்



ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரம் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த கற்கள். கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதில் ஒரு கல் சொல்லும் சேதி இவ்வளவுதான்: பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் ஆநிரை கவரும் பூசலில் இறந்துபட்டான், அவனுக்காக நட்ட கல் இது. ஆள் பெயர், சொந்த ஊர், செத்த இடம், செத்த காரணம் என்று நாலு விவரமும் அதில் அடங்கிவிட்டன.

இனி, 1914-க்கு வருவோம். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் ஊர் ஊராகப் பளிங்குப் பலகை பதித்தது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இன்றைக்கும் அந்தப் பலகைகளைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் இருக்காது. தலைக்கணக்கு மட்டும்தான். ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதை. அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயரை வெட்டவில்லை. இந்தப் பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக்காரன் செய்தது இருக்கட்டும். நாம் என்ன செய்திருக்கிறோம்?

நம் தேனி மாவட்டத்துப் பிள்ளை ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வருசநாட்டு மலையடிவாரத்தில், மயிலாடும்பாறைப் பக்கம் குமணன்தொழு. அந்த ஊர்க்காரர் லான்ஸ் ஹவில்தார் குமார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன். சியாச்சின் பனிமலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையில் பணி. 1984 ஏப்ரலில் நம் ராணுவம் சியாச்சினில் கால் வைத்ததிலிருந்து அங்கே குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பனிக்கும் மூச்சுத் திணறலுக்கும் பலியானவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சுவர் இடிந்து விழுந்து 10 பேர் புதைந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர், ஒருவர் குமார். கர்நாடகத்து ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார்.

ஊர், பதவி, பட்டாலியன், இறந்த நாள் ஆகியவை அரசாங்கக் குறிப்பிலேயே கிடைக்கும். ஆனால் குமாரைப் பட்டாளத்துக்குப் போகச் சொன்னது யார்? முதல் லீவில் வந்தபோது வீட்டுக்கு என்ன வாங்கி வந்தார்? அதையெல்லாம் குமணன்தொழுக்காரர்கள்தான் சொல்ல முடியும்.

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியின் வாழ்வு கொஞ்சம் கூடுதலாகவே நமக்குத் தெரியும். 2020 ஜூன் 15 அன்று சீனப் படையோடு நடந்த கல்வான் மோதலில் உயிர் கொடுத்த 20 பேரில் அவரும் ஒருவர். பிறகு வீர் சக்ரா விருது பெற்றவர். இருபது வருஷத்துக்கும் மேல் சேவை. உடன்பிறந்தவரும் ராணுவத்தில். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டுக்கு அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் பால் காய்ச்சினார்கள்; அவரால் வர முடியவில்லை. இந்த ஒரு விவரம் காதில் விழுந்ததும் பழனி நம் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். விருதுப் பட்டயத்தில் இது இருக்காது. வீட்டார் சொன்னதால் தெரிந்தது.

எங்கள் வடுகபட்டியில் யாருடைய தாத்தா எந்தக் காலத்தில் பூண்டு மண்டி வைத்தார் என்று கேளுங்கள், சொல்வதற்கு நாலு பேர் வருவார்கள். யாருடைய தாத்தா பர்மாவுக்குச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேளுங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பெரியகுளம், போடி, கம்பம் என்று எங்கே போய்க் கேட்டாலும் இதே நிலைமைதான்.

தேடினால் கிடைக்கும். பட்டாளத்துக்காரர் வீட்டுப் பரணில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் முதலில் நம்பர், பிறகு பதவி, அப்புறம்தான் பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் தாளோ கிடைக்கலாம். மெடல் கிடைத்தால் அதன் விளிம்பைத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முதல் உலகப் போரின் வெள்ளி மெடலாக இருந்தால், வாங்கியவரின் நம்பர், பெயர், படைப்பிரிவு மூன்றையும் அந்த விளிம்பில்தான் பொறித்திருப்பார்கள். வெள்ளிதானே என்று உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

போரில் இறந்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பலருக்குத் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை அதில் உண்டு. அன்றைக்குத் தேனி என்று ஒரு மாவட்டம் கிடையாது. மதுரை என்று தேடுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக எழுத்தை மாற்றிப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சேர்ந்தவர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

காகிதம் சொல்லாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மானாவாரி நிலம் பொய்த்த வருஷத்திலா படைக்குப் போனார்? மணியார்டர் பணத்தில் யாருடைய கல்யாணம் நடந்தது? தந்தி வந்த அன்று அதை வாசித்துச் சொன்னது யார்? அதற்கப்புறம் அந்தக் குடும்பம் எப்படிப் பிழைத்தது? இரண்டு பக்கம் எழுதினால் போதும். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், ஒன்றை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள், ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடி நாள். அன்றைக்கு உண்டியலில் காசு போடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய அந்த இரண்டு பக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே இந்த வாரமே கேட்கத் தொடங்குங்கள்.