மயில் இழையும் தூண்டில் முள்ளும்

(சங்கமம் விழாவின் இரண்டாம் நாள், "ஓய்வுக்குப் பின் என்ன செய்கிறோம்?" என்ற அமர்வில் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர் ஊர் ஏரியைத் தூர் வாரியதைச் சொன்னார். அவருக்கு முன்னால் பேசியவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். நான் என்ன செய்கிறேன்? ஈ கட்டுகிறேன். சிரிக்காதீங்க. ஈ ஓட்டுகிறவன் என்றுதான் ஹாஸ்டலில் எனக்குப் பெயர். அதிலிருந்து ஒரு படி ஏறியிருக்கிறேன்.

கடைசி வருஷம் சர்வே கேம்ப்புக்கு அவலாஞ்சி பக்கம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, அங்கே இருந்த ட்ரவுட் மீன் பண்ணையில் ஒளிந்துகொண்டவன் நான். வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன் அது. குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது. பண்ணையில் ஒரு பெரியவர் தையல் நூலையும் சேவல் கழுத்து இறகையும் வைத்துத் தூண்டில் முள்ளின் மேல் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தார். முடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அசல் பூச்சி! ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. "புழுவைக் கோத்துப் போட்டா அது சாப்பாடு தம்பி, இதைப் போட்டா அது வித்தை" என்றார்.

அப்புறம் இருபது வருஷம் அதை மறந்தே போனேன். பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் வேலை கிடைத்துப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், கராஜில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

பழைய வித்தைதான். மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை ஏலியன் என்ற ரோமானியர் ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். கம்பளி, இறகு, முள். இன்றைக்கும் அடிப்படை அவ்வளவுதான்.

சாமான்கள் அதிகமில்லை. மேஜை விளிம்பில் மாட்டுகிற சின்ன வைஸ் ஒன்று; நம் ஒர்க்‌ஷாப் வைஸின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல்கண்டைப் பிடித்துத் தொங்குகிற பாபின், அதன் கனமே நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இறகைக் கவ்விச் சுற்ற ஒரு குட்டி இடுக்கி. நுனி கூரான கத்தரி. கடைசி முடிச்சுப் போட ஒரு வளைந்த கம்பி. முள்ளின் நம்பர் கம்பி கேஜ் மாதிரி: நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். 12-ம் நம்பர் கண்ணுக்குத் தெரியும். 20-ம் நம்பருக்கு இந்த வயதில் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வேண்டும்.

பொருள்களில்தான் சுவாரசியம். மானின் முடி உள்ளே குழலாக, காற்று அடைத்திருக்கும், அதனால் மிதக்கும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள மென்மையான இறகு தண்ணீரில் சீக்கிரம் நனையாது. சேவலின் கழுத்து இறகை முள்ளில் சுற்றினால் அதன் மயிர்கள் கால்களைப் போல் விரிந்து, ஈயைத் தண்ணீரின் தோல்மேல் நிறுத்தும். தண்ணீருக்குத் தோல் உண்டு என்று பௌதிக வகுப்பில் சர்ஃபேஸ் டென்ஷன் நடத்தினபோது தூங்கினவன், அறுபது வயதில் கண்டுபிடித்தேன்.

ஒரு வெட்கக்கேடும் உண்டு. சால்மன் மீனுக்குக் கட்டுகிற பழைய பாணி ஈக்களில் கன்னத்தில் மஞ்சள் மெழுகு வைத்தது போல மினுங்குகிற ஓர் இறகு வைப்பார்கள். எந்தப் பறவை தெரியுமா? நம் மலைகளில் கூவுகிறதே, அந்தச் சாம்பல் காட்டுக்கோழி. இங்கிலாந்தின் ஈக்களுக்காக நம் காட்டுச் சேவல்களின் கழுத்துகள் போயிருக்கின்றன. இப்போது ஏற்றுமதி கிடையாது, 1972-ன் வனவிலங்குச் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டில் வளர்ப்புப் பறவைகளிலிருந்து எடுக்கிறார்கள். ஆனாலும் இறகுப் பைத்தியம் லேசானதல்ல. 2009-ல் இங்கிலாந்தில் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் இசை மாணவர் 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துத் திருடிக்கொண்டு போனார். எல்லாம் ஈ கட்டத்தான். நான் அந்த ரக ஈ கட்டுவதில்லை. ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் பொய்.

நான் விரும்பிக் கட்டுவது கிரிஃபித்ஸ் நாட். இரண்டே பொருள்: மயில் தோகையின் ஒற்றை இழை, கறுப்பு வெள்ளைப் புள்ளிச் சேவலின் இறகு. முள்ளின் வளைவிலிருந்து தொடங்கி மயில் இழையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரவேண்டும். அதன்மேல் இறகை இடைவெளி விட்டுச் சுற்றவேண்டும். மயில் இழை மீன் பல்லில் பட்டால் அறுந்துவிடும், அதனால் நூலோடு முறுக்கிச் சுற்றுவது நல்லது. தண்ணீரில் கொத்தாக மிதக்கும் கொசு மாதிரிப் பூச்சிகளென்று ட்ரவுட் நினைத்துக்கொள்ளும். மற்றவர்கள் இறகை நெருக்கமாகச் சுற்றி அழகு பார்ப்பார்கள். மீன் கண்காட்சிக்கு வருவதில்லை. குறைவாகச் சுற்றுவதே நல்லது என்பது என் கட்சி.

1999-ல் அம்மா ஆறு மாதம் வந்து தங்கினார். நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். சேவல் இறகு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி, வைஸைக் கராஜுக்கு அனுப்பிவிட்டார். அங்கே குளிர் தாங்காமல் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இதை வெச்சு மீனைப் புடிச்சு என்ன பண்ணுவே கண்ணு?"

"விட்டுருவேம்மா." உண்மைதான். எங்கள் ஸ்பிரிங் கிரீக் ஓடையில் ட்ரவுட்டைத் திரும்ப விடவேண்டும் என்பது சட்டம். முள்ளின் பின்செதிலையும் இடுக்கியால் நசுக்கிவிடுவேன், எடுக்கும்போது வலிக்கக்கூடாதென்று.

"உட்டுப்போடறதுக்கு எதுக்குடா புடிக்கோணும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. விளையாட்டு என்றேன். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனாலும் மறுநாளும் வந்தார். அறுபது வருஷமாக வாழைநாரில் மல்லிகை கட்டிய விரல்கள் சும்மா இருக்குமா? நான் கடைசி முடிச்சில் தடுமாறியதைப் பார்த்து, "தள்ளு" என்று வாங்கினார். கம்பிக் கருவியைத் தொடவே இல்லை. இரண்டு விரலில் நூலை வளைத்து, நூலின் மேலேயே நாலு சுற்றுச் சுற்றி, இழுத்தார். பூ கட்டுகிற அதே கைதான். மயில் இழையை மட்டும் வைத்து ஒரு ஈ கட்டினார். சேவல் இறகு ஆகாதாம், மயில் முருகனுடையதாம். கட்டி முடித்துவிட்டு, "இதுல கூர் வேண்டாம், கண்ணு" என்றார்.

முள்ளின் வளைவை வெட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதையே நூலில் கட்டி ஓடையில் விட்டேன். அம்மா கரையில் மடக்கு நாற்காலியில், என் கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கல்லுக்குப் பின்னாலிருந்து ஒன்று மெல்ல எழும்பி, வாயைத் திறந்து, ஈயை வாங்கி, ஒரு விநாடி வைத்திருந்து, துப்பிவிட்டுப் போயிற்று. நூலில் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான்.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நல்லாருக்கட்டும், போகுது" என்றார்.

இப்போதும் கூருள்ள முள்ளோடுதான் போகிறேன், பொய் சொல்லமாட்டேன். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் கூரில்லாத ஈயைக் கட்டிக்கொள்கிறேன். அம்மா கட்டியது 2004-ல் ஒரு வில்லோ மரக்கிளையில் மாட்டிப் போய்விட்டது. மரம் ஏறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மனைவி இன்னமும் அதைச் சொல்லித் திட்டுகிறாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் வைஸோடு உட்கார்ந்திருப்பேன். பூ கட்டத் தெரிந்த தங்கைமார்கள் முதலில் வாருங்கள். என்ஜினீயர்கள் வரிசையில் நிற்கலாம்.