வரையாட்டைக் காக்கும் வழி



செங்குத்தான பாறைகளில் கால் பிறழாது உலவுவது வரையாடு. சங்கப் புலவர்கள் இதனை வருடை என்றனர். சிலப்பதிகாரமும் சீவக சிந்தாமணியும் இவ்விலங்கைக் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுவே. தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கை வாழிடம் இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதன் வேட்டையைத் தடுத்தது. வேட்டை நின்றதனால் இடர் நீங்கியதா? இல்லை. தேயிலைத் தோட்டங்களும், அயல்நாட்டுச் சீகை மரங்களும், தைல மரங்களும் மலையுச்சிப் புல்வெளிகளைக் கவர்ந்துகொண்டன. மந்தைகள் தீவுகள் போலப் பிரிந்தன. சிறு மந்தை தனித்து வாழின் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும், வழித்தோன்றல்கள் வலுவிழக்கும். நோயொன்று புகுந்தால் மந்தை முழுவதுமே அழியக்கூடும்.

ஆதலின் காத்தலின் முதற்படி எண்ணுதல். 2024இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் கணக்கிடப்பட்டன. 2025இல் இரு மாநிலங்களும் ஒருசேர எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 எனத் தெரியவந்தது. ஓராண்டில் இத்தனை பெருகின எனக் கொள்ளலாகாது. எண்ணிய பரப்பும் விரிந்தது.

இரண்டாம் படி உடல்நலம் அறிதல். சில ஆடுகளின் தோலில் கட்டிகள் காணப்படுகின்றன. எச்சத்தைச் சோதித்தால் குடற்புழுக்களை அறியலாம். ஆட்டைத் தொட வேண்டியதில்லை. மயக்க ஊசி செலுத்திக் கழுத்தில் ரேடியோ பட்டை அணிவித்தால் அதன் நடமாட்டமும் விளங்கும். எனினும் முக்கூர்த்தியில் அம்முயற்சியின்போது ஆடு இறந்த துயரமும் நேர்ந்தது. காக்க நீளும் கையும் ஊறு செய்யலாம் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே தொடாமல் அறியக்கூடியதைத் தொடாமலே அறிதல் நன்று. தொட்டே ஆகவேண்டிய இடத்தில் மிகுந்த விழிப்பு வேண்டும்.

மூன்றாம் படி விலகி நிற்றல். இரவிகுளம் தேசியப் பூங்காவில் குட்டி ஈனும் பருவத்தில் பார்வையாளர்க்கு அனுமதி இல்லை. செலவு மிகாத, பயன் மிக்க ஏற்பாடு அது. அயல் மரங்களை நீக்கிப் புல்வெளியை மீட்பதும் மருந்தினும் சிறந்த மருத்துவம்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு மலைப்பாதையில் செல்வோர் சாலையோரத்திலேயே வரையாடுகளைக் காணலாம். இரக்கத்தால் அவற்றிற்குத் தின்பண்டம் நீட்டுவோர் உளர். அவ்வுணவு அவற்றின் வயிற்றுக்கு ஒவ்வாது. மனிதரை நெருங்கும் பழக்கம் வாகனத்தில் அடிபடும் ஆபத்தையும் தரும். கொல்லாதிருத்தல் அறத்தின் தொடக்கம். அவ்வுயிர் தன் இயல்பில் வாழ இடம் விட்டு, தொலைவில் நின்று கண்டு மகிழ்தலே அதன் நிறைவு. வரும் விடுமுறையில் மலையேறும் குடும்பங்கள் இதனைப் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பார்களாக.