அருகருகே வாழ்கிறோம், சேர்ந்து வாழ்கிறோமா?

(நகரமும் சமூக வாழ்வும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பல இனத்தார் கலந்து வாழும் நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது நான் பிறந்து வளர்ந்த கிள்ளான்தான். "எங்கள் ஊரில் எல்லா இனமும் உண்டு, எல்லாச் சமயமும் உண்டு" என்று சொல்லிப் பெருமைப்பட ஒரு நிமிடம் போதும். அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட நான் வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நாம் அருகருகே வாழ்கிறோம், சரி. சேர்ந்து வாழ்கிறோமா?

ஆறு வளர்த்த ஊர்

கோலாலம்பூரை விட மூத்தது கிள்ளான். 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியாகத்தான் அம்பாங்குக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் காட்டுக் காய்ச்சலுக்குப் பலியானார்கள் என்கிறது வரலாறு. எஞ்சியவர்களும் பின்னால் வந்தவர்களும் உருவாக்கியதே இன்றைய கோலாலம்பூர்.

1880-இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886-இல் இரண்டு ஊர்களையும் இணைக்க ரயில் பாதை வந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதைத்தான் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். ஈயமும் ரப்பரும் இந்த வழியாகக் கப்பல் ஏறின. நம் பாட்டன் பூட்டன்கள் பலரும் இதே வழியாகத்தான் கரை இறங்கினார்கள்.

தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து உழைப்பாளிகள் வந்தார்கள். ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். மலையாளிகள், தெலுங்கர்கள், பஞ்சாபியர், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள். மேரு, காப்பார் பக்கம் ஜாவாவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். பூலாவ் கெத்தாமில் சீன மீனவர்கள் கடல்மேல் கால் நாட்டி வீடு கட்டினார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால், கேரித் தீவுப் பக்கம் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்து கொண்டிருந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் மரமுகமூடிச் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை.

தெங்கு கிளானா சாலையில் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். பூக்கடையும் புடவைக்கடையும் வரிசையாக நிற்கும். அதே வட்டாரத்தில் இந்தியர் பள்ளிவாசல் இருக்கிறது, லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது, 1890-களில் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் இருக்கிறது. சற்றுத் தொலைவில் 1930-களில் எழுந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும் இருக்கிறது. இந்த ஊர் ஒருவர் வரைந்த திட்டப்படி அமைந்ததன்று. வந்தவர்கள் நாட்கூலியில் மிச்சம் பிடித்த காசும் கொடையாளர்கள் தந்த பொருளும் சேர்ந்து அமைந்தது.

சைக்கிளை விட்டு இறங்கிய காலம்

நேயர்களே, கட்டடத்தை எழுப்பிவிட்டால் மட்டும் சமூகம் உண்டாகிவிடாது. சமூகம் எப்படி உண்டானது என்பதற்குக் கிள்ளானிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்று வழிகாட்டியவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார்கள்.

அது கூலிக் கணக்கைத் தாண்டிய கோரிக்கை, மானத்துக்கான கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெவ்வேறு தோட்டம், வெவ்வேறு கங்காணி, வெவ்வேறு சாதி என்று பிரிந்து கிடந்தவர்களை ஒரே குரலில் பேச வைத்தது அந்தப் போராட்டம். "நாம்" என்ற சொல் அங்கே அப்படித்தான் பிறந்தது. அது தானாகப் பிறக்கவில்லை.

லயத்திலிருந்து தாமானுக்கு

நான் பிறந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். லயத்து வாழ்க்கையை நான் அலங்கரித்துச் சொல்ல மாட்டேன். வறுமை இருந்தது, குடி இருந்தது, சண்டை இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வரிசையில் அடுப்பு எரியாது. அழைக்காமலே ஆள் வந்து நிற்கும்.

பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. பல ஆண்டுகள் உழைத்தவர்கள் சிறு தொகையோடு வெளியேறி அடுக்குமாடிகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் ஒதுங்கினார்கள். வீடு மாறியது என்று சொல்கிறோம். உண்மையில் கலைந்தது ஓர் ஊர். கோயில் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், மக்கள் நான்கு பக்கம் என்று ஆயிற்று.

நானும் ஆசிரியர் வேலை கிடைத்துத் தாமானில் வீடு வாங்கினேன். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் தலையசைப்பேன், அவரும் தலையசைப்பார். பதினொரு ஆண்டுகள் இப்படியே போயின. ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பி வந்தேன். அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஊதுபத்தி புகைந்து கொண்டிருந்தது. துணியில் சீன எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் மகனிடம் போய், "அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பல இன மக்கள் ஒன்றாக வாழ்வதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். ஒரு சுவருக்கு அப்பால் இருந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பகை எதுவும் கிடையாது. பழக்கமும் கிடையாது. இன்றைய நம் நகர வாழ்வின் நோய் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வளைவும் நடைபாதையும்

கிள்ளானில் மட்டும்தான் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். ரயிலேறி பிரிக்பீல்ட்சுக்குப் போவோம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்குச் செங்கல் சூளை போட்ட இடம் அது. பெயரும் அப்படித்தான் வந்தது. ரயில்வே ஊழியர்களின் ஊராக வளர்ந்தது. கந்தசுவாமி கோயில், சிங்கள மக்கள் அமைத்த பௌத்த மகா விகாரை, தேவாலயங்கள், விவேகானந்தர் ஆசிரமம் என்று வரிசையாக அங்கே உண்டு. 2001-இல் அருகிலேயே கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் வந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார்கள்.

வளைவு அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் தலையைத் தாழ்த்திக் கீழே பாருங்கள். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்ற பலர் அந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள். அவர்கள் காலால் தடவி வழி அறிவதற்காக நடைபாதையில் மேடு பதித்த தடம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தடத்தின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறோமே, அங்கேதான் நம் சமூக வாழ்வுக்குப் பரீட்சை. வளைவை அரசாங்கம் கட்டிக் கொடுக்கும். தடத்தை விட்டு வண்டியை நகர்த்த வேண்டியவர் நாம்தான்.

வெள்ளம் சொன்ன பாடம்

நம்மால் முடியாது என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி நினைவிருக்கிறதா? கிள்ளானை அடுத்த தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் இரவைக் கழித்தார்கள். அப்போது சொந்தப் படகோடு வந்தவர்கள் யார்? பெயர் தெரியாத பொதுமக்கள். கோயில், பள்ளிவாசல், குருத்வாரா, தேவாலயம் என்று எல்லா இடத்திலும் உணவும் உதவியும் திரண்டன. படகில் ஏற்றும்போது எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே மனம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வெள்ளம் வர வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். தண்ணீர் வடிந்ததும் நாம் மறுபடி கதவைச் சாத்திக் கொள்கிறோம்.

இனி நாம் செய்ய வேண்டியது

2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளான் அரச மாநகரமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிள்ளான் மாவட்டத்தில் பத்து லட்சத்திற்கும் அதிகமானோர் வாழ்வதாகத் தெரிந்தது. இத்தனை பேர் வாழும் ஊரில் மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் நம் குரலாவது இருக்க வேண்டாமா?

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ப்பக்கம் இருப்பவர்களின் பெயரை இந்த வாரமே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தீபாவளிக்கு மட்டும் பலகாரத் தட்டோடு போனால் போதாது. காய்ச்சலில் கிடக்கும் நாளிலும் எட்டிப் பாருங்கள்.

இரண்டு, குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்திற்கும் ருக்குன் தெத்தாங்கா கூட்டத்திற்கும் போங்கள். 1975 முதல் இருக்கும் அமைப்பு அது. கால்வாய் அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், நம் இனத்துப் பிரச்சினை என்று தனியாக முணுமுணுக்காமல், தெருவின் பிரச்சினை என்று மலாய்க்கார மக்சிக்கையும் சீன நண்பரையும் சேர்த்துக் கொண்டு மனுக் கொடுங்கள். மூன்று பேர் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு வேறு.

மூன்று, நம் கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் விழா நாளில் மட்டும் விளக்கெரிய வேண்டாம். மாலையில் பிள்ளைகள் படிக்கட்டும், முதியவர்கள் கூடட்டும். பக்கத்துத் தெருப் பிள்ளை எந்த மொழி பேசினாலும் உள்ளே வந்து உட்காரட்டும்.

நேயர்களே, சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று யாரும் நம்மை இறங்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நாமாகவே ஒரு முறை இறங்கி நின்று பேசினால் என்ன?

என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மனைவி இன்னும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இப்போது நான் தலையசைத்துவிட்டுப் போவதில்லை. நின்று, உடல்நலம் எப்படி என்று கேட்கிறேன். அவருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். எனக்குச் சீனம் வராது. இருந்தும் பேச்சு நடக்கிறது.