மீன் சாப்பாடு: என் கட்சி தெருமுனை மெஸ்ஸே!



நடுவர் அவர்களே, மீன் சாப்பாட்டுக்குப் பெருமை சேர்ப்பது வீட்டு அடுப்பா, தெருமுனை மெஸ்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். மெஸ்ஸே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் அம்மாவின் கைமணத்தை உருகி உருகிச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த அம்மா என்ன சாப்பிட்டார் என்று அவர் சொல்லவே இல்லையே! ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி, செதில் சீவி, குடல் எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, புளி கரைத்துக் குழம்பு கூட்டி, வறுத்து, எல்லோருக்கும் பரிமாறி விட்டு அவர் உட்காரும்போது சட்டியில் மிஞ்சியிருப்பது வால் துண்டுதான். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதே அம்மாவை மெஸ்ஸுக்கு அழைத்துப் போனோம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் பரிமாற வந்தவர், "தலை வைக்கவாம்மா, நடுத்துண்டு வைக்கவா?" என்று கேட்டார். ஆயுள் முழுக்கப் பரிமாறியவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தை எப்படி ஐயா குறைத்துப் பேச முடியும்?

வீட்டில்தான் புது மீன் என்றார்கள். அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் நம் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலில் போய்ப் பாருங்கள். மீன் குவியல் குவியலாக ஏலம் போகும். வீட்டுக்கு வாங்குகிறவர் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேடுவார். அதே வலையில் கிழங்கான் வந்திருக்கிறது, காரப்பொடி வந்திருக்கிறது, மத்தியும் திருக்கையும் வந்திருக்கின்றன. அவற்றை யார் எடுப்பது? பொடி மீனைச் சுத்தம் செய்ய வீட்டில் ஆளும் இல்லை, பொழுதும் இல்லை. மெஸ்காரர் குவியலாக எடுத்துப் போய், பொடி மீனை மொறுமொறுவென்று பொரிக்கிறார், திருக்கையைப் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைக்கிறார். மீனவர் பாடுபட்டுப் பிடித்த பொடி மீனுக்கும் ஒரு விலை கிடைக்கிறது. காலையில் வாங்கியது மதியச் சாப்பாட்டில் தீர்ந்துவிடுகிறது. நல்ல மெஸ்ஸின் பட்டியலை எழுதுவது அன்றைய கடல்தான்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் இனம் பெருகட்டும் என்பதற்கான ஓய்வு அது. அந்த நாட்களில் சிறு படகுகள் கரையோரம் பிடித்து வந்ததை மெஸ்ஸில் சமைப்பார்கள், இல்லையென்றால் கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. "வஞ்சிரம் இல்லீங்க, தடைக்காலம்" என்று மெஸ்காரர் சொல்கிறாரே, அதைக் கேட்டுத்தான் கடலின் காலக்கணக்கு ஊர்ப்பிள்ளைகளுக்குப் புரிகிறது.

2004 டிசம்பர் 26ஐ இந்த ஊர் மறக்குமா? ஆழிப்பேரலையில் கிளிஞ்சல்மேடும் பட்டினச்சேரியும் காரைக்கால்மேடும் கதறிய நாள். அதற்குப் பிறகு மீன் தின்னவே மக்கள் அஞ்சினார்கள். உறவை இழந்து, படகை இழந்து நின்ற மீனவர், துணிந்து பிடித்து வந்த மீனுக்கும் விலை இல்லாமல் தவித்தார். இப்படிப்பட்ட அச்சம் அவரவர் வீட்டுக்குள் இருந்தால் தெளியாது. பக்கத்து இலைக்காரர் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால் தெளியும். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து மீன் சாப்பிடுவது, மீனவருக்கு "உங்களோடு இருக்கிறோம்" என்று ஊர் சொல்கிற சொல். மீன் வாடை என்று முகம் சுளித்து அவர்களை ஒதுக்கிப் பார்த்த வழக்கம் இந்த நாட்டில் உண்டு. மெஸ்ஸில் அந்த வாடையைத் தேடித்தானே வருகிறோம்! படகுத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் தோள் இடிக்க ஒரே பலகையில் உட்காருகிறார்களே, அது சாதாரணமா?

நம் குழம்பின் சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ மண்ணில் பயிராகிக் கடல் கடந்து வந்தவை. மிளகாயைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மெக்சிகோவின் சினலோவா கடற்கரையில், பச்சை இறாலை எலுமிச்சைச் சாற்றிலும் அரைத்த மிளகாயிலும் போட்டு 'அக்வாசிலே' என்று தருகிறார்கள். அங்கேயும் தெருவுக்குத் தெரு கடலுணவுக் கடை, அங்கேயும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். கடலோர மக்களுக்குப் பொது அடுப்பு ஒன்று எங்கேயும் தேவைப்பட்டிருக்கிறது.

அடுப்பே இல்லாதவரை எதிரணி எண்ணிப் பார்த்ததா? திருவேட்டக்குடி என்.ஐ.டி. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர், நாகையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வேலைக்கு வருகிறவர் எல்லோருக்கும் மதியப் பசி உண்டு. இது புனிதவதியார் ஊர். கறி வேகும் முன்னே வந்து நின்ற அடியவருக்கு, கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியைச் சோற்றோடு படைத்தாரே, அந்த அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊர். ஊர் பேர் தெரியாதவருக்கும் சோறு போடுவது இந்த மண்ணின் அறம். மெஸ்ஸில் காசு வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் குழம்பும் ரசமும் மோரும் இரண்டாம் முறை கேட்டால் முகம் கோணாமல் ஊற்றுகிறார்களே, அந்த மனசுக்கு விலை ஏது?

சுத்தம் இல்லை, எண்ணெய் சரியில்லை என்பார்கள். கெட்ட கடை இருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே போகாதீர்கள்! மீனைக் காட்டச் சொல்லுங்கள்: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் சதை மீள வேண்டும். கேட்கத் தெரிந்தவர்கள் வந்தால் கடை தானாகத் திருந்தும். ஒரு கடையின் குறைக்காக வழக்கத்தையே தள்ளுவது நியாயம் ஆகாது.

நடுவர் அவர்களே! வீட்டு அடுப்பு ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றுகிறது, அதை வணங்குகிறேன். மெஸ்ஸோ மீனவரின் பொடி மீனுக்கு விலை தருகிறது, அடுப்பில்லாதவருக்குச் சோறு தருகிறது, அடுப்படியில் நின்றே களைத்தவருக்கு ஒரு நாள் ஓய்வு தருகிறது. ஊருக்கே உதவுவது எதுவோ, பெருமை அதற்குத்தான் சேர வேண்டும். தெருமுனை மெஸ்ஸுக்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.