கணினித் திரையில் தமிழ்
(இராயக்கோட்டையில் மேனிலை வகுப்பு மாணாக்கர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



இவ்வூரின் மலைமேல் நிற்கும் கோட்டையை 1791இல் ஆங்கிலப் படை திப்புவின் ஆட்சியிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த ஆண்டே பாராமகால் முழுவதும் கைமாறிற்று. அன்றும் இது எல்லை மண். இன்றும் எல்லை மண். தக்காளி மண்டியில் விலை பேசும் ஒருவர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் ஏற்றிக் கன்னடத்தில் முடிப்பதை இங்கே எவரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. வேலைக்கு ஓசூர், அதனையும் தாண்டினால் பெங்களூர். தொடர்வண்டியும் பேருந்தும் நாள்தோறும் வடக்கு நோக்கியே நிறைந்து செல்கின்றன.

இத்தகைய ஊரில், அரசு மேனிலைப் பள்ளியில், இயற்பியலையும் வேதியியலையும் கணக்கையும் தமிழிலேயே பயின்ற ஒரு மாணாக்கியை எண்ணிப் பாருங்கள். அவள் பொறியியல் பயில விழைகிறாள்; திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைப் பற்றிக் கேள்வியுற்றிருக்கிறாள். அதற்குக் கணினியில் எழுதும் நுழைவுத்தேர்வு ஒன்று உண்டென்று அறிந்ததும், "அது ஆங்கிலத்தில்தானே இருக்கும்" என்று தானே முடிவு கட்டிக்கொண்டு அமைந்துவிடுகிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய முதற் செய்தி இது: அத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இவ்வுண்மையை அறியாமலே வாயிலுக்கு வெளியே நின்றுவிடும் பிள்ளைகள் உளர்.

நுழைவுத்தேர்வே வேண்டாமென்று சொன்ன நாடன்றோ தமிழ்நாடு என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். 1984இல் மாநில அரசே கொண்டுவந்த நுழைவுத்தேர்வு, நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குத் தடையாய் இருப்பது கண்டு, 2007இல் நடப்புக்கு வந்த சட்டத்தால் நீக்கப்பட்டது. மாநிலப் பொறியியற் கல்லூரிகளிற் சேர இன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். ஆயினும் தமிழ் மண்ணில், தமிழர் நிலத்தில் எழுந்து நிற்கும் திருச்சிராப்பள்ளிக் கழகத்திற்கும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் வாயில் நடுவணரசின் தேர்வு ஒன்றே. தேர்வு முறையை எதிர்ப்பது ஒரு வேலை. அம்முறை உள்ளவரை நம் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதிருப்பது மற்றொரு வேலை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடலாகாது.

இத்தேர்வுக்குப் பெயர் கூட்டு நுழைவுத்தேர்வு. மாணாக்கர் வாயில் ஜே.இ.இ. என்று வழங்குவது. அதன் முதற் படி முதன்மைத் தேர்வு. 2019 முதல் அதனைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அன்று முதல் பொறியியற் தாள் முழுவதும் கணினியில்தான். தொடக்கத்தில் அதில் ஆங்கிலம், இந்தி, குசராத்தி ஆகிய மூன்று மொழிகளே இருந்தன. குசராத்திக்கு மட்டும் ஏன் இந்தத் தனியிடம் என்று 2019இல் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்சி கேட்டார். குசராத்து அரசு தன் மாநிலச் சேர்க்கைக்கு அத்தேர்வை ஏற்றுக்கொண்டு தன் மொழியைக் கேட்டது. பிற மாநிலங்கள் கேட்கவில்லை. இதுவே முகமை தந்த விளக்கம். கேட்டால்தான் தாய்மொழியா என்ற வினாவுக்கு விடை அதில் இல்லை. 2021இல்தான் தமிழுட்பட 13 மொழிகளில் வினாத்தாள் வந்தது.

வந்த தமிழ் தானாகத் திரையில் தோன்றிவிடாது. இங்குதான் எல்லைப்புறப் பெற்றோர் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். எம்மொழியில் எழுதுவது என்பதைத் தேர்வுநாளில் கேட்கமாட்டார்கள்; விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே குறித்தாக வேண்டும். கணினிக் கடையில் அமர்ந்து நூறு பேருக்கு விண்ணப்பம் நிரப்பும் ஒருவர், வழக்கம்போல் ஆங்கிலத்தைத் தட்டிவிட்டுப் போய்விடக்கூடும். திருத்தத்திற்கென விடும் ஓரிரு நாள் கடந்தால் பின்பு மாற்ற வழியில்லை. அருகிலிருந்து பாருங்கள், 'தமிழ்' என்று பதிவான உறுதிப் படியைக் கையில் வாங்கிய பின்னரே எழுந்திருங்கள்.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தமிழ் வினாத்தாள் எல்லா ஊர்த் தேர்வு நடுவங்களிலும் கிடைப்பதில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி முதலாகக் குறிக்கப்பெற்ற சில பகுதிகளில் மட்டுமே அது உண்டு. கருநாடகத்து நடுவங்களில் கிடைக்கும் வட்டார மொழி கன்னடம். தந்தை பெங்களூரில் பணி செய்கிறார், தங்க இடமுண்டு, போக்குவரவும் எளிது என்றெண்ணி அந்நகரைத் தேர்வு நடுவமாகக் குறித்தால், அவ்வொரு குறிப்பாலேயே பிள்ளை தன் தமிழை இழந்துவிடும். ஓசூருக்கு அப்பால் சில கல் தொலைவில் ஒரு கோடு. கோட்டுக்கு இப்பால் தமிழ் உண்டு, அப்பால் இல்லை. ஆனால் இந்தி வினாத்தாளோ இந்தியாவின் எந்த நடுவத்திலும் கிடைக்கும்! குமரி முதல் காசுமீரம் வரை அதற்குக் கோடே இல்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இதோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர்தாம். அந்த ஆணை 1940இல் திரும்பப் பெறப்பட்டது. தேர்வு நடுவப் பட்டியலின் வழியாக நுழையும் இந்த வேற்றுமை மட்டும் எவர் கண்ணையும் உறுத்தாமல் கிடக்கிறது. ஆகவே நடுவ ஊர்களைக் குறிக்கும்போது அனைத்தையும் தமிழ்நாட்டு ஊர்களாகவே குறியுங்கள். ஆண்டுதோறும் முகமை வெளியிடும் தகவல் ஏட்டில் மொழிக்கும் மாநிலத்திற்குமான அட்டவணை இருக்கும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுமாதலின், அதனை ஒருமுறை படித்துவிட்டே கைவையுங்கள்.

இனி வினாத்தாளிலுள்ள தமிழ் எத்தகையது என்பதைப் பார்ப்போம். அது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதன் பொருளை 2018ஆம் ஆண்டு நீட் தேர்வு காட்டிற்று. அத்தேர்வு தாளில் எழுதுவது. எனினும் விதி இதே விதி. அவ்வாண்டு மே 6ஆம் நாள் நடந்த தேர்வில் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழைகள் இருந்தன. சிறுத்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே 'சீத்தா' என்று எழுதியிருந்தார்கள். சீத்தா எனின் தமிழ்ப் பிள்ளை சீத்தாப் பழத்தை நினைக்குமா, காட்டு விலங்கை நினைக்குமா? மாநிலங்களவை உறுப்பினர் தி.க. இரங்கராசன் தொடுத்த வழக்கில், வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நயன்மன்ற மதுரைக் கிளை சூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. பத்து நாளில் உச்ச நயன்மன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் தீர்ப்பையே நீக்கிவிட்டது. பிழை செய்தவர்க்கு இழப்பில்லை. மொழிபெயர்ப்பை நம்பிய பிள்ளைக்கே இழப்பு.

இதனைக் கேட்டு, "அப்படியானால் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே" என்று பின்வாங்குவது தவறு. தமிழைத் தேர்ந்தவர்க்குத் திரையில் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் இரண்டும் உண்டு. தமிழில் படித்துப் பொருள் கொள்ளுங்கள். சொல் இடறுமிடத்தில் ஆங்கில வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தை மட்டும் தேர்ந்தவர்க்கு இந்த இரட்டைத் துணை இல்லை. தமிழ்வழிப் பிள்ளைக்கு ஒரு வினாவை ஆங்கிலத்தில் முழுதும் படித்து உணர்வதற்கும், ஒரே ஒரு கலைச்சொல்லை ஒப்பிடுவதற்கும் எத்துணை வேறுபாடு!

அந்த ஒப்பீட்டிற்கு அணியமாவது எப்படி? ஒரு குறிப்பேடு போதும். இடப்பக்கம் பாடநூலின் தமிழ்ச் சொல். வலப்பக்கம் அதற்குரிய ஆங்கிலச் சொல். பதினொன்றாம் வகுப்பு முதற்பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும். இப்படி எழுதும்போது ஓர் உண்மை தானே புலப்படும். ஒளியியலில் ஆங்கிலத்தார் ரிஃப்ளெக்சன், ரிஃப்ராக்சன், டிஃப்ராக்சன் என்பர். மூன்றும் ஒன்றுபோல் ஒலித்து மாணாக்கனைக் குழப்பும். தமிழிலோ எதிரொளிப்பு, ஒளிவிலகல், விளிம்பு விளைவு. ஒளி திரும்புகிறதா, விலகுகிறதா, விளிம்பில் வளைகிறதா என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. விசையியலில் மொமென்ட், மொமென்டம் என்னும் இரண்டைக் கலந்து கெடுபவர் பலர். திருப்புத்திறன் என்றும் உந்தம் என்றும் பயின்றவர்க்கு அக்குழப்பம் எழ இடமேயில்லை. திருப்புவது ஒன்று, உந்துவது மற்றொன்று. வேகத்தோடு திசையும் சேர்ந்தால் திசைவேகம். இலக்கணமே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. தமிழில் அறிவியல் விளங்காது என்பார் இச்சொற்களை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். தனித்தமிழ் ஆர்வத்தால் நாம் ஆக்கிக்கொண்ட சொல் வேறு, வினாத்தாளில் வரும் சொல் வேறாக இருக்கலாம். திசையன் என்று நாம் எழுதுவதைப் பள்ளிக் கணக்கு நூல் வெக்டர் என்றே எழுதுகிறது. ஈழத்தில் அதுவே காவி. முடுக்கத்தை அங்கே ஆர்முடுகல் என்பர். தேர்வறையில் நிற்கும் பிள்ளைக்கு மூன்றும் தெரிந்திருப்பதில் இழப்பொன்றுமில்லை. ஈழத்தில் பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரத் தேர்வைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவியற் பாடங்களிலும் தமிழிலேயே எழுதி வருகிறார்கள் என்பதையும், தமிழில் இயலுமா என்று ஐயுறுவோர் அறிந்துகொள்க.

திரையைப் பற்றிச் சில சொற்கள். மூன்று மணி நேரம்; 75 வினா; 300 மதிப்பெண். பாடத்திற்கு 25 வினா. அவற்றுள் 20 விடை தெரிவு செய்வன, 5 விடையை எண்ணாகத் தருவன. சரியான விடைக்கு 4. தவறினால் 1 குறையும். எண் விடைக்கு விசைப்பலகையைத் தொடக்கூடாது. திரையிலேயே ஓர் எண்பலகை தோன்றும், அதனைச் சுட்டியால் அழுத்த வேண்டும். வலப்பக்கத்தில் வினா எண்கள் கட்டங்களாக நிற்கும். விடையளித்தது பச்சை, பார்த்தும் விடையளிக்காதது சிவப்பு, மீண்டும் பார்க்கவென ஒதுக்கியது ஊதா. விடையும் அளித்து ஒதுக்கியும் வைத்தால் அவ்விடை கணக்கிற் சேரும். விடையைத் தெரிவுசெய்து 'சேமி' என்பதை அழுத்தாமல் வேறு கட்டத்திற்குத் தாவினால் சேராது. மூலையில் நேரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டேயிருக்கும். சுழியம் ஆனதும் தேர்வு தானே முடிந்துவிடும். கையெழுத்துக் கணக்கிற்குத் தாள் தருவார்கள், கணிப்பான் இல்லை.

கேட்பதற்கு எளிது. ஆனால் வாழ்நாளில் சுட்டியையே பிடித்தறியாத கை, முதன்முறையாகத் தேர்வறையில் அதனைப் பிடித்தால் நடுங்கும். கைப்பேசியில் விரலால் தள்ளிப் பழகியது இதற்கு உதவாது. பள்ளியின் கணினி ஆய்வகம் பூட்டிக் கிடந்தால் தலைமையாசிரியரை அணுகித் திறக்கச் சொல்லுங்கள். அது பிள்ளைகளுக்காக வாங்கியது, தூசிக்காக அன்று. முகமையின் இணையத்தளத்தில் மாதிரித் தேர்வு கட்டணமின்றி உண்டு. கிழமைக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம் எழாமல் அமர்ந்து எழுதுக. திரையிலுள்ள வினாவைப் பார்த்துத் தாளிற் படம் வரைந்து, மீண்டும் திரைக்குக் கண்ணை உயர்த்துவது ஒரு தனிப் பழக்கம். அதற்கே சில கிழமைகள் வேண்டும்.

தேர்வு ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் ஏப்பிரலிலும். இரண்டில் மேலானதைக் கொள்வர். பல வேளைகளில் பல வினாத்தாள்கள் ஆதலால் மதிப்பெண்ணை நூற்றுமானமாக்கித் தருவர். அதாவது, அவ்வேளையில் எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் உமக்கு இணையாகவோ கீழாகவோ நின்றனர் என்னும் கணக்கு. 90 நூற்றுமானம் என்பதை 90 மதிப்பெண் என்று மயங்காதீர்.

பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை கொட்டுவதற்கு முன், 2018இலும் 2019இலும் புதுக்கிய நம் மாநிலப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களை வரி விடாமல் படித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவை தமிழில் இருக்கின்றன. இணையத்தில் விலையின்றியும் கிடைக்கின்றன. நடுவணரசின் மேனிலை அறிவியல் நூல்கள் தமிழில் இல்லை. பயிற்சி நிலையத்தார் விற்கும் தடித்த ஏடுகளும் பெரும்பாலும் ஆங்கிலமே.

இறுதியாக மேனிலைத் தேர்வு, அதாவது அட்வான்ஸ்டு. முதன்மைத் தேர்வில் முன்னிற்கும் 2,50,000 பேருக்கு இது திறக்கும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு இதுவே வாயில். இதனை அக்கழகங்களே நடத்துகின்றன. 2018 முதல் இதுவும் கணினியில்தான். இதில் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே உண்டு. முதற்படியைத் தமிழில் ஏறி வந்த பிள்ளை இரண்டாம் படியில் தன் மொழியைக் காணாது. இந்தி பேசும் பிள்ளைக்கோ இரு படியிலும் அதன் தாய்மொழி உண்டு. 13 மொழிகளில் இயல்பியலை மொழிபெயர்க்க ஒரு முகமையால் இயலுமெனின், சென்னையிலேயே ஒரு கழகம் நடத்துவோர்க்கு ஒரு தாளைத் தமிழில் தருவது ஏன் இயலவில்லை? முதன்மைத் தேர்விலுங்கூட, ஐயம் எழுந்தால் ஆங்கிலமே இறுதி என்னும் விதியை நீக்கி, பிழையான தமிழ் வினாவுக்கு அதை எழுதியவர் அனைவர்க்கும் மதிப்பெண் தரும் விதியைக் கொண்டுவர வேண்டும். இவ்விரண்டையும் மாநில அரசும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாது கேட்குமாறு பெற்றோர் எழுத வேண்டும். 2013இல் குசராத்து கேட்டுப் பெற்றதை நினைவிற் கொள்ளுங்கள்.

அதுவரை, இவ்வாண்டு எழுதப்போகும் பிள்ளைக்கு அந்தக் குறிப்பேட்டின் வலப்பக்கமே துணை. முதன்மைத் தேர்வு முடிந்த மாலையிலேயே இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வலப்பக்கச் சொற்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் சொல்லிப் பழகத் தொடங்குக. விண்ணப்பம் பெரும்பாலும் அக்தோபர், நவம்பர்த் திங்கள்களில் திறக்கும். ஆதார் அட்டையிலும் பள்ளிச் சான்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.