சம்பளச் சிட்டை போல கிளினிக் கொப்பியும்

(கரம்பொன்னில் ஊர்க் குடும்பங்களும் எமது சங்க உறுப்பினர்களும் கலந்துகொண்ட சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டு பிறந்த ஊரில் நின்று தமிழைப் பற்றிப் பேசுவதென்றால் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இன்று பேச வந்தது இலக்கியத் தமிழைப் பற்றியல்ல. வீட்டு அலுமாரியில், சேலைக்கு அடியில், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் கிளினிக் கொப்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு தாயின் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒருநாள் காலை பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே நெஞ்சு இறுக்குகிறது என்றார். பக்கத்தில் நின்றவர்கள் "வாய்வாக இருக்கும்" என்றார்கள். இஞ்சித் தண்ணீர் குடித்தார். வீட்டுக்குப் போனால் அரைப்பேர்தான் விழும் என்று மலைக்கு ஏறினார். பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது, தாடை வரை வலி ஏறியது. வாகனம் கிடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

மரணச் சடங்கு முடிந்த பிறகு அவருடைய கிளினிக் கொப்பியை எங்களிடம் காட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே அதில் "ஐ.எச்.டி." என்று எழுதியிருந்தது. இதயத்துக்குப் போதிய இரத்தம் போகாத நோய் என்பது அதன் பொருள். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. உடம்பு சுகமாக இருக்கிறது என்று அவர் மாத்திரையையும் சில மாதங்களாக விட்டிருந்தார்.

அந்தத் தாயின் மகள் எங்கள் வகுப்பில் படித்தவள். இதயத்தின் படம் வரைந்து, சோணையறை, இதயவறை, முடியுருநாடி என்று பெயர் குறித்து முழுப் புள்ளி எடுத்தவள். பரீட்சைத் தாளில் இதயத்துக்குப் பெயர் எழுதிய பிள்ளைக்கு, தன் அம்மாவின் இதயத்தைப் பற்றி வீட்டிலிருந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் தெரியவில்லை. அது அவள் பிழையல்ல. சொல்லிக் கொடுக்காத எங்கள் பிழை. அன்றிலிருந்துதான் இந்த வேலையை நாங்கள் தொடங்கினோம்.

தமிழில் சொல் இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. இந்த யாழ்ப்பாண மாவட்டத்தில்தான், மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய பெரிய நூல்கள் அவருடைய முயற்சியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் அச்சாகின. ஊருக்கு வைத்தியம் செய்யப் போகிறவன் ஊர் மொழியிலேயே படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். இன்று எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலிலும் நல்ல தமிழ்ச் சொற்கள் நிறைய உண்டு. பாடநூலிலிருந்து அடுப்படி வரைக்கும் அவை வந்து சேரவில்லை. குறை அங்கேதான்.

எங்களுக்குள்ளேயும் சொல் மாறுகிறது. நீங்கள் குளிசை என்கிறீர்கள், நாங்கள் மாத்திரை என்கிறோம். நீங்கள் நெஞ்சு நோகுது என்கிறீர்கள், நாங்கள் வலிக்குது என்கிறோம். "எனக்கு வருத்தம்" என்று இங்கே ஒரு அம்மா சொன்னபோது, எங்கள் தோழி ஒருத்தி அவருக்கு ஏதோ கவலை என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள். அவருக்கு இருந்தது சீனி வருத்தம்! ஒரே தமிழ் பேசும் நமக்குள்ளேயே இவ்வளவு என்றால், ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் எழுதிய கொப்பியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

சங்கத்தில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது சம்பளச் சிட்டையை வாசிப்பது. எத்தனை பேர் விழுந்தது, எத்தனை கிலோ, எதற்காகக் கழித்தார்கள் என்று விரல் வைத்து வாசிக்கப் பழகினோம். வாசிக்கத் தெரிந்த பிறகுதான் கேள்வி கேட்கத் தெரிந்தது. கிளினிக் கொப்பியும் அப்படித்தான். வாருங்கள், விரல் வைத்து வாசிப்போம்.

முதலில் நோயின் பெயர். "எச்.டி.என்." என்றால் உயர் குருதியமுக்கம். "டி.எம்." என்றால் நீரிழிவு. "ஐ.எச்.டி." எதுவென்று சொல்லிவிட்டோம். இந்த மூன்றில் எது இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது இலக்கங்கள். நாங்கள் "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று நோயாகச் சொல்கிறோம். பிரஷர் எல்லோருக்கும் உண்டு; அது இல்லாவிட்டால் உயிர் இல்லை. கேட்க வேண்டியது எவ்வளவு என்றுதான். மேலே எழுதுவது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அமுக்கம். கீழே எழுதுவது இதயம் தளரும்போது இருக்கும் அமுக்கம். 120க்கு 80 என்ற அளவில் இருந்தால் நல்லது. திரும்பத் திரும்ப அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் குருதியமுக்கம். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒரு அறிகுறியும் காட்டாமல் பல வருடம் உள்ளேயே இருந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரை போட்டு அளவு சரியாக வந்தால் நோய் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

பிறகு மாத்திரை எழுதிய வரி. "மானே" என்பது இலத்தீன் சொல், காலை. "நொக்டே" என்றால் இரவு. கொலஸ்திரோல் மாத்திரைக்கு எதிரே பெரும்பாலும் அதைக் காணலாம். "பி.டி." என்றால் நாளுக்கு இரண்டு வேளை, "டி.டி.எஸ்." என்றால் மூன்று வேளை. "எஸ்.எல்." என்றால் நாக்குக்குக் கீழே வைப்பது, அதை விழுங்கக் கூடாது. இவ்வளவும் ஒரு மாலையில் படித்துவிடலாம். எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் "நொக்டே" என்ற சொல்லின் வடிவத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு, தன் இரவு மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறார்.

இப்போது மிக முக்கியமான சொல்லுக்கு வருகிறோம்: மாரடைப்பு. இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் முடியுருநாடியில் கொழுப்புப் படிந்து, அதன் மேல் இரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் போகாத வயல் காய்வது போல அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. நடு நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மூச்சு வாங்குதல், வாந்தி வருவது போன்ற உணர்வு, இவைதான் அடையாளம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல், மூச்சு முட்டலும் தாங்க முடியாத சோர்வும் மட்டுமே வரக்கூடும்.

அந்த நேரத்தில் நம்மைக் கொல்லும் சொல் "வாய்வு". வாய்வா, மாரடைப்பா என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க யாராலும் முடியாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தே வைத்தியர் சொல்வார். சில வேளை இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. முதல் சில மணித்தியாலங்களில் போட்டால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். ஆகவே ஆளை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். போய்ப் பார்த்து வாய்வு என்றே சொன்னாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

தூரம் என்றால் என்னவென்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். எங்களுக்கு மேல் கணக்கிலிருந்து கல் ரோட்டில் இறங்க வேண்டும். கடலும் மலையும் எடுக்கும் நேரத்தை உடனே குறைக்க நம்மால் முடியாது. "வாய்வு" என்று சொல்லிக் கழிக்கும் இரண்டு மணித்தியாலத்தைக் குறைக்க முடியும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கறி, சம்பல், பாண், கருவாடு எல்லாவற்றிலும் இருக்கும் உப்பையும் சேர்த்துத்தான். எங்களுக்கு ரொட்டியும் சம்பலும், உங்களுக்குக் கருவாடு. விடச் சொல்லவில்லை, கருவாட்டை நன்றாகக் கழுவி ஊற வையுங்கள், சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்துங்கள். சுருட்டும் பீடியும் சிகரெட்டும் இதயத்துக்கு நேர் எதிரிகள். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் தீங்குதான். மலையில் ஏறி இறங்குகிறோம், எங்களுக்கு மாரடைப்பு வராது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்தத் தாயும் தினமும் மலை ஏறியவர்தான்.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வேலை நாளில் போனால் பேர் போகும் என்பது எங்கள் பெரிய தடை. அதனால்தான் கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்று சங்கத்தில் தொடர்ந்து கேட்கிறோம். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "ஐயா, இந்த மாத்திரை எதற்கு? தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது நம் உரிமை.

உங்களிடம் ஒரு வேலை கேட்டு முடிக்கிறோம். இன்று இரவு வீட்டுக்குப் போய் அந்தப் பொலித்தீன் பையை அவிழ்த்து, கொப்பியைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல்லை ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்கில் தாதியிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். பிறகு அந்தக் கொப்பியை அலுமாரிக்குள் வைக்காமல், எல்லோர் கைக்கும் எட்டும்படி கதவுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள்.

அந்த மகள் இப்போது எங்கள் மாலை வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாசிக்கப் பழக்குகிறாள். அவளுக்குக் கிடைக்காத இரண்டு மணித்தியாலம் உங்கள் வீட்டுக்குக் கிடைக்க வேண்டும்.